நெப்பந்திஸ் காசியானா: பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) மரபணுத்தொகை 1,30,000 எழுத்துகளைத் தாண்டவில்லை, உதவி தேவை

குடுவைக்காரன்:
வணக்கம். மேகாலயாவின் குடுவைத் தாவரம் இது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், அனுமதி பெற்று, தாவரவியல் பூங்காச் செடியின் இளந்தளிரைத்தான் எடுத்தோம். முற்றிய இலையின் டிஎன்ஏ கோந்துபோல் இழுத்தது. இல்லுமினா கருவியில் படித்தது, 150 எழுத்து இணை ரீடுகள் (டிஎன்ஏ துண்டுகளின் இரு முனைகளிலிருந்தும் படித்த சிறு வரிசைகள்). ரீடுகளை ஒட்டிச் சேர்க்கும் ஸ்பேட்ஸ் மென்பொருள் மூன்று துண்டுகள் தருகிறது: சுமார் 86,000, 26,000, 18,000 எழுத்துகள். நெருங்கிய இனங்களிலோ 1,56,000 அளவில் இருக்கிறது. வரிசைப்படுத்திக் கொடுத்த நிறுவனத்தின் அறிக்கை, 'பட்டாணியைப் போலத் தலைகீழ் மறுபகுதி ஒன்றை இழந்துள்ளது' என்கிறது. வழக்கமாக, எதிரெதிர் திசையில் இருமுறை வரும் இந்த மறுபகுதிக்கு இடையில்தான் பெரிய, சிறிய தனிப்பகுதிகள் இருக்கும். நம்பலாமா?

நாற்றங்கால்:
மூன்று துண்டுகளிலும் ரீடு ஆழம், அதாவது ஓர் எழுத்தின்மேல் விழும் ரீடுகளின் எண்ணிக்கை, எவ்வளவு? அது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

குடுவைக்காரன்:
பெரியதிலும் சிறியதிலும் 400-ஐ ஒட்டி. நடுத்தரத் துண்டில் 800-க்குப் பக்கம்.

நாற்றங்கால்:
விடை அதிலேயே இருக்கிறது. உண்மையிலேயே ஒரு பிரதி போயிருந்தால் ஆழம் எங்கும் ஒன்றாக இருக்கும். பட்டாணி, கொண்டைக்கடலையில் அப்படித்தான். உங்கள் செடியில் இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதால் மென்பொருள் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துவிட்டது. 86+18+26+26 என்று கூட்டிப் பாருங்கள். அந்த அறிக்கையை வைத்துக் கட்டுரை எழுதத் தொடங்கிவிடாதீர்கள்! பசுங்கணிகத்தைத் தனியே ஒட்டிச் சேர்க்கும் கெட்ஆர்கனெல் மென்பொருளில் நிலத்தாவரப் பசுங்கணிக விதையோடு (தேடலைத் தொடங்கும் மாதிரி வரிசை) ஓட்டி, துண்டுகள் இணையும் வரைபடத்தை அதைக் காட்டும் பேண்டேஜ் மென்பொருளில் திறந்து பாருங்கள்.

குடுவைக்காரன்:
ஓட்டினேன், வட்டம் மூடியது, நீளமும் சரி. ஆனால் இரண்டு விடைகள் வந்துள்ளன. சிறிய தனிப்பகுதி மட்டும் ஒன்றில் நேராக, மற்றதில் திரும்பி இருக்கிறது. எது சரி?

பழைய ஆய்வகம்:
இரண்டும்தான். மறுபகுதிகள் தமக்குள் மறுசேர்க்கை செய்வதால் ஒரே இலையில் இரு வடிவங்களும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கும். 1983-லேயே ஆய்வாளர் பாமர் காட்டியது இது. ஒப்பிடப்போகும் இனங்களின் திசையோடு பொருந்துவதை ஜென்பேங்க் வரிசைத் தரவுத்தளத்தில் பதிவு செய்யுங்கள். மறுபகுதிகளும் தனிப்பகுதிகளும் சந்திக்கும் நான்கு எல்லைகளையும் பிசிஆர் செய்து (நகலெடுத்துப் பெருக்கி), சாங்கர் வரிசைப்படுத்தல் முறையில் சரிபார்த்துவிடுங்கள். மதிப்பாய்வாளர்கள் முதலில் அங்கேதான் கைவைப்பார்கள். எந்த மரபணு எங்கே என்று குறிப்புரை எழுதும்போது ஆர்பிஎஸ்12 மரபணுவைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். அதன் முதல் எக்சான் (புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டு) பெரிய தனிப்பகுதியிலும் மற்றவை மறுபகுதியிலும் கிடப்பதால் மென்பொருள் அடிக்கடி தடுமாறுகிறது.