கார் ஜன்னலுக்கு லாமினேட்டடா, இரட்டைக் கண்ணாடியா? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மாதம் இருமுறை சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போய் வருகிறோம். அம்மா பின் சீட்டில் உட்காருவார். காது கொஞ்சம் மந்தம். வேகம் 90-ஐத் தாண்டினாலே ஜன்னலோரம் காற்று இரைந்து, நான் பேசுவது அவருக்கு எட்டுவதில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் பேச்சையே நிறுத்திவிடுகிறார். மனசு கஷ்டமாக இருக்கிறது.

கதவு ரப்பர் பீடிங்கை மாற்றினேன், ஓரளவு குறைந்தது. அப்புறம் ஜன்னலைப் பாதி இறக்கி விளிம்பைப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணாடிதான், டெம்பர்டு (சூடேற்றிக் கடினமாக்கியது). லாமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டிய பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் மெல்லிய கோடாகத் தெரியும். 4 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிக்குத் தானும் அதிர்ந்து, அதைத் தாராளமாக உள்ளே விடும். அந்த அதிர்வை அடக்குவது இந்தப் படலம்தான். சத்தத்துக்கென்றே மென்மையாகச் செய்த படலமும் உண்டு.

இரட்டைக் கண்ணாடி, அதாவது நடுவே காற்றிடைவெளி விட்ட இரண்டு கண்ணாடி, 1991-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸிலேயே இருந்தது. ஆனால் சில மில்லிமீட்டர் காற்றிடைவெளி டயர் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. தடிமனுக்கும் கனத்துக்கும் கதவும் பவர் விண்டோ மோட்டாரும் ஈடுகொடுக்க வேண்டும். அதனால் லாமினேட்டட் பக்கமே சாய்கிறேன்.

ஒரே தயக்கம், விபத்தில் அதைச் சுத்தியலால் எளிதில் உடைத்து வெளியேற முடியாது. காற்றிரைச்சல் பெரும்பாலும் சைடு மிரர் பக்கமிருந்துதான் வருகிறது. முன் கதவுகளுக்கு மட்டும் மாற்றினால் அம்மாவுக்குப் பலன் தெரியுமா?

மாற்றியவர்கள் இருந்தால் தடிமன், செலவு, கண்ணாடி ஏற்றி இறக்கும்போது சிக்கியதா என்பதையெல்லாம் தயவுசெய்து எழுதுங்கள்.