ஆம்புல்லா: குப்பியா, குடுக்கையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சுறா, திருக்கை மீன்களின் தோலுக்கடியில் இருந்து இரையின் மின்புலத்தை அறியும் ‘ஆம்புல்லா’ (ampullae of Lorenzini) உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். வந்த பெயர்களில் ‘ஆறாம்புலன் உறுப்பு’ வேண்டாம். ஆறாவது அறிவு மனத்துக்கு உரியது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அதைச் சுறாவுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. போதாததற்கு, நீரின் அசைவை அறியும் பக்கக்கோடும் சுறாவுக்கு உண்டு. எண்ணத் தொடங்கினால் இது ஏழாவதாகிவிடும்.

‘மின்னுணர் குப்பி’ பலருக்கும் பிடித்திருக்கிறது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலையை வைத்துப் பெயரிடுவதில் ஓர் இடர் உண்டு. இத்தாலியரான ஸ்டெஃபானோ லொரென்சினி 1678இல் மின்திருக்கையை அறுத்துப் பார்த்து இவற்றை விவரித்தபோது, இவை எதற்கென்று அவருக்குத் தெரியாது. 1938இல் சாண்ட் என்பவர், இவை வெப்பத்தை அறிபவை என்றார். அன்றைக்கே நாம் முந்திக்கொண்டு ‘வெப்பவுணர் குப்பி’ என்று அகராதியில் ஏற்றியிருந்தால்? 1960இல்தான் இவை மின்புலத்துக்குத் துலங்குவதை மரே என்ற ஆய்வாளர் காட்டினார். 1971இல் கால்மைன் என்ற ஆய்வாளரின் சோதனை ஐயத்தைத் தீர்த்தது. மணலுக்கடியில், மணத்தைத் தடுத்து மின்சாரத்தை விடும் அகர் என்னும் கடற்பாசிக் கூழால் ஆன அறைக்குள் கிடந்த தட்டைமீனைச் சுறா சரியாகத் தேடி வந்தது. கூழின்மேல் மின்சாரம் கடக்காத மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்ததும் கண்டுகொள்ளாமல் போயிற்று. மீனே இல்லாமல் மின்முனைகளை மட்டும் புதைத்தபோது, அவற்றையே இரையென்று தோண்டியது!

மேலும், முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸின் அலகில் இருப்பவையும் மின்னுணர் உறுப்புகள்தாம், அமைப்பு வேறு. அவற்றுக்கு என்ன பெயர் வைப்போம்?

ஆகவே உருவத்தைப் பிடித்துக்கொள்வோம். மீன் சந்தையில் சுறாவின் மூஞ்சியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குண்டூசியால் குத்தியதுபோல் எங்கும் துளைகள், அழுத்தினால் வழவழப்பாக ஏதோ கசியும். துளையிலிருந்து உள்ளே மெல்லிய குழல் ஓடுகிறது, அதன் கோடியில் ஒரு புடைப்பு. நீண்ட கழுத்து, உருண்ட வயிறு. சுரைக்குடுக்கை அல்லாமல் இது வேறென்ன? குப்பி என்றதும் மருந்துக்குப்பிதான் நினைவுக்கு வருகிறது. உள்காதின் அரைவட்டக் குழல்களில் இருக்கும் புடைப்புக்கும் ஆம்புல்லா என்றே பெயர். குடுக்கை அங்கும் பொருந்தும்.

என் முன்மொழிவு ‘லொரென்சினிக் குடுக்கை’. உள்ளே நிறைந்திருப்பதற்கு ‘இழுது’ போதும். ஜெல்லி மீனுக்கு இழுதுமீன் என்பது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. குழலுக்கு ‘இழுதுக்குழல்’. ‘கூழ்மம்’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது வேதியியலில் கொலாய்டுக்குப் போய்விட்டதே.

குடுக்கையை இக்காலப் பிள்ளைகள் பார்த்ததில்லை என்ற மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆம்புல்லாவை மட்டும் எந்தப் பிள்ளை பார்த்தது?

தோலில் தெரியும் துளைக்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. ‘நுண்துளை’ என்றால் வியர்வைத்துளையோடு குழம்பும். ‘குடுக்கைவாய்’ சரிப்படுமா? மீன்வளத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.