உணவு பதப்படுத்தும் ஆலையின் நிலைத்தன்மை: எல்லையை எங்கே வகுப்பது?

கேள்வி:
தக்காளி விழுது தயாரிக்கும் ஆலையொன்றின் நிலைத்தன்மையை மதிப்பிடும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. ஆலையின் மின்சாரம், நீராவி, தண்ணீர்க் கணக்குகள் கைவசம் உள்ளன. பண்ணை, போக்குவரத்து, பொட்டலம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டுமா?

பதில் 1:
கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆலைக்குள் மட்டும் அளந்தால், வயலில் இடும் தழைச்சத்து உரத்திலிருந்து வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுங்குடில் வாயு கணக்கிலேயே வராது. ஒரு பொருளின் வாழ்நாள் முழுவதிலும் ஏற்படும் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடுவதற்கான ஐஎஸ்ஓ 14044 தரநிலை கேட்பதுபோல், அளவீட்டுக்கான அலகை (எவ்வளவு விழுதுக்கு இந்தக் கணக்கு என்பதை) முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு கிலோ விழுதுக்கு ஏறத்தாழ ஆறு கிலோ தக்காளி தேவைப்படலாம். விழுதின் அடர்த்தி மாறினால் அந்த விகிதமும் மாறும் என்பதால், வெவ்வேறு அடர்த்தியுள்ள விழுதுகளைக் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடாமல், அவற்றிலுள்ள திடப்பொருளின் எடையை வைத்து ஒப்பிடுவதே நியாயம்.

பதில் 2:
மிஞ்சும் தோலும் விதையும் கால்நடைத் தீவனமாக விற்கப்பட்டால், சுற்றுச்சூழல் சுமையில் ஒரு பங்கு அவற்றுக்கும் போகும். எடைப்படி பிரிப்பதா, விலைப்படி பிரிப்பதா என்பதைப் பொறுத்து முடிவு மாறும் (சாதகமான முறையைத் தேடும் ஆசையும் வரும்!). இரண்டு முறையிலும் கணக்கிட்டு, வேறுபாட்டை அறிக்கையில் வெளிப்படையாகக் காட்டுங்கள்.

பதில் 3:
தண்ணீரை வெறும் லிட்டரில் கூட்டாதீர்கள். வறண்ட ஆற்றுப் படுகையில் எடுக்கும் லிட்டரின் பாதிப்பு வேறு, நீர்வளம் மிக்க இடத்தில் எடுக்கும் லிட்டரின் பாதிப்பு வேறு. அறுவடைத் தொழிலாளரின் கூலியும் பணிநிலையும் இந்தக் கணக்கில் தெரியாது என்பதால், அவற்றுக்குத் தனி ஆய்வு தேவை.