மைக்கோபிளாஸ்மா ஒப்பீடு: மரபணு இரண்டு மடங்கு, பொது மரபணு பூச்சியம். எங்கே பிழை?

படுவான்கரை:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக ஆடு, மாடு, கோழியில் வாழும் ஐந்து மைக்கோபிளாஸ்மா (செல்சுவர் இல்லாத பக்டீரியா) இனங்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிடுகிறேன். கோழிக்குக் கல்லிசெப்டிகமும் சினோவியேயும், மாட்டுக்குப் போவிஸ், ஆட்டுக்கு அகலாக்டியேயும் கப்ரிகோலமும். பரிணாம மரத்துக்கு வேராக ஒரு தூரத்து உறவு வேண்டுமென்று அகோலிபிளாஸ்மா லெய்ட்லாவியையும் சேர்த்தேன். எல்லாம் என்சிபிஐ என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் இறக்கியவை. புரொக்கா என்ற மென்பொருளில் மரபணுக்களைக் குறித்து, பொதுவானவற்றை எண்ணும் ரோரியில் போட்டேன்.

கல்லிசெப்டிகம் தொகுதி 2003இல் வெளியானபோது 742 மரபணுக்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது, அதுவும் துண்டு துண்டாக. ஆறுக்கும் பொதுவானவை எத்தனை என்று பார்த்தால் பூச்சியம். 8 ஜிபி லப்டொப், இரவில் இரண்டு தடவை கரண்டும் போனது. அதனால் கோப்பு பழுதாகியிருக்குமா? வீட்டு ஆடு இருமினாலே இப்போது இந்தப் பிழைதான் ஞாபகம் வருகிறது.

தயிர்ச்சட்டி:
இறக்கும்போது பாதியில் அறுந்திருக்கும் தம்பி. எம்டி5 (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எண்) பாருங்கள்.

படுவான்கரை:
பார்த்தேன் அண்ணா, பொருந்துகிறது. கல்லிசெப்டிகத்தின் நீளமும் 9 இலட்சத்து 96 ஆயிரம் சொச்சம் டிஎன்ஏ எழுத்துகள், சரியாகத்தான் இருக்கிறது.

ஏறாவூர் நானா:
கரண்டைக் குறை சொல்லாதீர்கள், இந்த ஒரு தடவை அது நிரபராதி. புரொக்காவுக்கு எந்தக் குறியீட்டு அட்டவணை (மூன்றெழுத்து டிஎன்ஏ குறியீடு ஒவ்வொன்றும் எந்த அமினோ அமிலம் என்று சொல்வது) கொடுத்தீர்கள்? ஒன்றும் கொடுக்காவிட்டால் பக்டீரியாவுக்கு 11ஐ எடுத்துக்கொள்ளும். அதில் டிஜிஏ என்ற குறியீடு வந்தால் புரதம் அங்கே முடிந்தது. மைக்கோபிளாஸ்மாவிலோ டிஜிஏ என்பது டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம். நடுவில் டிஜிஏ உள்ள மரபணுவெல்லாம் அந்த இடத்தில் வெட்டுப்பட்டு இரண்டு மூன்றாக எண்ணப்படுகிறது. அட்டவணையைச் சொல்லும் ஜிகோட் தெரிவுக்கு 4 என்று கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

பூச்சியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோரி ஒரே இனத்தின் வகைகளுக்காகச் செய்தது, சும்மா விட்டால் 95% ஒற்றுமை கேட்கும். இத்தனை தூரத்து இனங்களில் ரைபோசோம் புரதங்கள்கூட அந்த அளவுக்கு ஒத்திருக்காது. புரதக் கோப்புகளை, தூரத்து இனங்களையும் ஒப்பிடும் ஆர்த்தோஃபைண்டரில் போடுங்கள்.

படுவான்கரை:
நானா, நன்றி! கல்லிசெப்டிகம் 742க்குக் கிட்ட வந்துவிட்டது. துண்டுகள் போய்விட்டன. ஆனால் அகோலிபிளாஸ்மாவில் இப்போது சில மரபணுக்கள் முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி நீள்கின்றன. முதல் ஓட்டத்தில் அது ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது.

ஏறாவூர் நானா:
அதற்கும் 4 கொடுத்துவிட்டீர்களா! ஒரே வகுப்பைச் சேர்ந்ததுதான், செல்சுவர் இல்லாததும்தான், ஆனாலும் அகோலிபிளாஸ்மாவில் டிஜிஏ நிறுத்தமாகவே இருக்கிறது. அதற்கு மட்டும் 11. ஆர்த்தோஃபைண்டருக்குப் போவது புரதம் என்பதால் அட்டவணை கலந்திருந்தாலும் பரவாயில்லை, ரோரியில் அப்படிக் கலக்க முடியாது.

படுவான்கரை:
ஓடி முடிந்தது, பொது மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மறுகா இன்னொரு சந்தேகம். பொதுப் புரதங்களின் மரத்தில் கோழிக்காரர் இரண்டும் சேரவில்லை, சினோவியே போவிஸ், அகலாக்டியே பக்கம் போய்விட்டது. ஆனால் சில மரபணுக்களைத் தனித்தனியாகப் பார்த்தால் கோழி இரண்டும் அண்ணன் தம்பி போல ஒட்டி நிற்கின்றன. மறுபடி பிழை விட்டுவிட்டேனா?

தயிர்ச்சட்டி:
வேறு உயிரின் டிஎன்ஏ சேர்ந்த கலப்படமாக இருக்கலாம்.

ஏறாவூர் நானா:
வெளியான முழுத் தொகுதிகளில் கலப்படத்துக்கு வாய்ப்புக் குறைவு. இது தெரிந்த விஷயம் மனே. 2005இல் பிரேசில் ஆய்வாளர்கள் சினோவியே தொகுதியை வெளியிட்டபோதே, இந்த இரண்டுக்கும் இடையே மரபணுக்கள் குறுக்கே கைமாறியிருப்பதைக் காட்டினார்கள். வம்சம் வேறு, குடியிருப்பு ஒரே கோழியின் சுவாசக்குழாய். உங்கள் ஆட்டுப் பக்கத்தையும் பாருங்கள்: அகலாக்டியே தொகுதியில் ஏறத்தாழ 18% மைக்கோய்டிஸ் எனப்படும் நெருங்கிய இனங்களின் கூட்டத்திலிருந்து வந்தது என்று 2007இல் கணித்தார்கள். கப்ரிகோலம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே மரத்தைப் பொதுப் புரதங்களை வைத்தே போடுங்கள், ஒட்டி நிற்கும் மரபணுக்களைத் தனி அட்டவணையாக்குங்கள். என்னைக் கேட்டால் ஆய்வின் சுவையே அந்த அட்டவணையில்தான்.

படுவான்கரை:
சரி நானா, நான் அதைப் பிழை என்று அழிக்கப் பார்த்தேன். அகலாக்டியே, கப்ரிகோலம் சோடியிலிருந்து தொடங்குகிறேன்.