ஐந்து வருடத்துக்கு ஒரு வயரிங் சோதனை: வீட்டுக்காரர் தலையில் வீண் சுமையா?

ஹாரோவாசி:
இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கைச் சோதிக்க வேண்டும். 2020-இல் வந்த விதி. தவறினால் 30,000 பவுண்ட் வரை அபராதம் என்று அப்போதே வைத்தார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு வாடகை வீடு, அதுவும் மோர்ட்கேஜில். போன மாதம் வந்தவர் பிளாஸ்டிக் ஃபியூஸ் பெட்டியைக் காட்டி, மாற்றினால்தான் பாஸ் என்றார். மாற்றினேன். இந்தச் செலவெல்லாம் கடைசியில் வாடகையில்தான் ஏறும்.

ஈஸ்ட்ஹாம் குடித்தனம்:
அண்ணா, செலவு புரிகிறது. ஆனால் நான் முன்பு இருந்த வீட்டில் ஷவரைப் போட்டாலே சுவிட்சுப் பக்கம் கருகின மணம் வரும். மூன்று முறை சொன்னேன். பழைய வீடு, அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். சுவருக்குள் இருக்கும் வயரை வாடகைக்கு இருப்பவர் எப்படிப் பார்ப்பது? காஸ் பாய்லருக்கு வருடா வருடம் சான்றிதழ் எடுக்கிறோமே. ஸ்காட்லாந்தில் புது வாடகைகளுக்கு 2015 டிசம்பரிலிருந்தே இந்த மின்சாரச் சோதனை உண்டு.

வயர்மேன்:
அறிக்கையில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். சி1 என்றால் இப்போதே ஆபத்து. சி2 என்றால் ஆபத்து வரக்கூடும். எஃப்ஐ என்றால் இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் ஃபெயில். 28 நாளுக்குள், அறிக்கை அதைவிடக் குறைந்த கெடு கொடுத்தால் அதற்குள், சரிசெய்ய வேண்டும். சி3 வெறும் பரிந்துரை. சூடேறிய அடையாளமோ தளர்ந்த இணைப்போ இல்லாத பிளாஸ்டிக் பெட்டிக்கு அதைவிடக் கடுமையான குறியீடு போட முடியாது. சோதிக்கிறவரே பழுதும் பார்த்துக் காசு வாங்குவதுதான் இதில் எனக்குப் பிடிக்காத இடம். சோதனை ஒருவரிடம், பழுதுக்கான விலை இன்னொருவரிடம் என்று கேளுங்கள்.

ஹாரோவாசி:
எடுத்துப் பார்த்தேன். சி3 என்றுதான் இருக்கிறது. மனசு எரிகிறது. சரி, வாடகைக்கு இருப்பவர் கதவே திறக்காவிட்டால்? இரண்டு முறை ஆள் வந்து திரும்பிப் போனார். அந்தக் கூலியும் நான்தான் கொடுத்தேன்.

வயர்மேன்:
அனுப்பிய கடிதம், மெசேஜ் எல்லாம் வைத்திருங்கள். நியாயமான முயற்சி எல்லாம் எடுத்தீர்கள் என்று காட்டினால் விதியை மீறியதாகாது.

ஈஸ்ட்ஹாம் குடித்தனம்:
சோதனை முடிந்து 28 நாளுக்குள் அறிக்கையின் நகலை எங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே விதிதான். எனக்கு இதுவரை யாரும் தந்ததில்லை.

புது மாணவி:
நான் வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். சமையலறை பொது. எனக்கும் இது பொருந்துமா?

வயர்மேன்:
பொருந்தாது தங்கச்சி. வீட்டுக்காரரோடு பகிர்ந்து இருப்பவர்களை விதி விட்டுவிட்டது.

ஈஸ்ட்ஹாம் குடித்தனம்:
இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இங்கு வந்த புதிதில் நம் ஆட்களில் எத்தனை பேர் அப்படி இருந்திருக்கிறோம்! ஒரே எக்ஸ்டென்ஷனில் ஹீட்டரும் ரைஸ் குக்கரும் ஓடும்.

ஹாரோவாசி:
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் குடும்பமும் அதே கூரைக்குக் கீழேதானே தூங்குகிறது? ஆபத்து என்றால் அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். சொந்த வீட்டைச் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார்.

புது மாணவி:
அவர்கள் மாடிக்குப் புதிதாக வயரிங் செய்திருக்கிறார்கள் அண்ணா. என் அறை கராஜை மாற்றிக் கட்டியது.