சீனாவில் ஹுகோ: பெற்றோர் வேலை செய்யும் ஊரில் பிள்ளை ஏன் படிக்க முடியவில்லை?

கேள்வி: நீலவானம்

நான் ஷென்ஜென் வந்து ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்கு ஏழு வயதில் ஒரு மகள். அக்காவும் கணவரும் இங்கே, மகள் குவாங்ஷியில் பாட்டியிடம். நேற்று சாயங்காலம் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து வீசாட்டில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பிள்ளை நோட்டைக் கேமராவில் ஒட்டி ஒட்டிக் காட்டுகிறது, இவர் திரையில் விரலை வைத்து "இந்தக் கோடு இன்னும் நீளம்" என்று எழுத்தைத் திருத்துகிறார்.

"இங்கேயே கூட்டி வந்து படிக்க வைக்கலாமே அக்கா" என்று என் அரைகுறைச் சீனத்தில் கேட்டேன். "ஹுகோ இல்லையே" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். ஹுகோ என்ற குடும்பப் பதிவு முறையை ஒழித்துவிட்டார்கள் என்று ஓரிடத்தில் இருக்கிறது, அப்படியேதான் இருக்கிறது என்று இன்னோரிடத்தில். எது சரி? இது சட்டத் தடையா, பணப் பிரச்சினையா? இங்குள்ள பத்திரிகைகள் இதை எழுதுவதே இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தையல்கோடு

நான் 2007 முதல் 2016 வரை துங்குவானில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். உங்கள் அக்கா சொன்ன அதே பதிலை நூறு பேர் வாயால் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹுகோ என்பது குடும்பப் பதிவு. இப்போதுள்ள வடிவத்தில் 1958-ல் சட்டமானது. பிள்ளை எந்த ஊரில் பிறந்தாலும் பதிவு பெற்றோரின் ஊரில்தான். 1998 வரை தாயின் பதிவு மட்டும்தான் பிள்ளைக்கு வந்தது, அதன் பிறகு தந்தையின் பதிவிலும் சேர்க்கலாம் என்று மாற்றினார்கள். இந்தப் பதிவில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, நீங்கள் விவசாயப் பதிவா, நகரப் பதிவா. இன்னொன்று, எந்த ஊர்ப் பதிவு. 2014 ஜூலையில் அரசு நீக்குவதாக அறிவித்தது முதலாவதை. "ஒழித்துவிட்டார்கள்" என்று நீங்கள் படித்தது அதுவாகத்தான் இருக்கும். எந்த ஊர் என்பது போகவில்லை. பள்ளி, கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் இடம் எல்லாம் இன்றும் பெரும்பாலும் அதோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் மூன்றாவது வரிசைக்குத் தலைவியாக இருந்தவர் ஹூனான் மாகாணம் ஷாவ்யாங் பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகனைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் ஒருநாள் தன் ஹுகோ புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினார். மெரூன் அட்டை போட்ட சின்னப் புத்தகம். முதலில் குடும்பத் தலைவர் பக்கம், அப்புறம் ஆளுக்கு ஒரு தாள், தாளுக்குத் தாள் காவல் நிலையத்தின் சிவப்பு முத்திரை. மகனின் தாளில் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் துங்குவான் என்று இருந்தது. முகவரி ஹூனான் கிராமம். அக்கா முதல் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "பார், இங்கேதான் பிறந்தான்" என்றார். தோல் ஒட்டும் பசை படிந்து அந்த விரல் நுனி மஞ்சளாக இருக்கும். எனக்கு ஹுகோ என்றால் இன்றும் அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

துங்குவானில் 2020 கணக்குப்படி ஒரு கோடிக்கு மேல் ஜனம். உள்ளூர் ஹுகோ உள்ளவர்கள் அதில் கால்வாசி அளவுதான். ஊரைக் கட்டியவர்களும், தைத்தவர்களும், கூட்டுபவர்களும் மீதி முக்கால்வாசி.

சட்டத் தடையா என்று கேட்டீர்கள். ஒன்பது வருடக் கட்டாயக் கல்வி எல்லாப் பிள்ளைக்கும் உரிமை. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த குடியிருப்பு அட்டை விதியிலும் அது இருக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி இடங்கள் அத்தனை பேருக்கும் இல்லை. அதனால் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். 'ஜிஃபென்' என்பார்கள். ஷென்ஜெனிலும் இதே முறைதான். சமூகக் காப்பீடு எத்தனை வருடம் கட்டியிருக்கிறீர்கள், வீடு சொந்தமா வாடகையா என்று பார்க்கும் முறை அது. எங்கள் காலத்தில் ரத்ததானம் செய்தாலும் புள்ளி உண்டு. எங்கள் அக்கா இரண்டு முறை கொடுத்தார்.

அவரைக் கவிழ்த்தது காப்பீடு. தொழிற்சாலை முதல் நான்கு வருடம் அவருக்குச் சமூகக் காப்பீடே கட்டவில்லை. சம்பளச் சீட்டில் அந்த வரி காலியாக இருப்பதை யாரும் கவனிக்கவில்லை, நானும் உட்பட. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம் என்றால் வீட்டுக்காரர் வரி கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார். மகன் ஒரு தனியார் பள்ளியில் படித்தான். வெளியூர்த் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கென்று நடக்கும் பள்ளி, ஒரு வகுப்பில் அறுபது பேருக்கு மேல். ஆறாம் வகுப்பில் ஊருக்கு அனுப்பிவிட்டார். எப்படியும் உயர்நிலைப் பள்ளிக்கான தேர்வை அங்கே எழுதுவது நல்லது, பாடப்புத்தகமும் வேறு, இப்போதே பழகட்டும் என்று. துங்குவானும் ஷென்ஜெனும் இருக்கும் குவாங்தொங் மாகாணத்தில் 2016 முதல் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வெளியூர்ப் பிள்ளைகளும் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதலாம். அவனை ரயில் ஏற்றியபோது அந்த உறுதி யாருக்கும் இல்லை.

பத்திரிகைகளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

பதில் 2: ஆற்றங்கரை

மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நான் செங்டூவில் படித்தவன், என்னோடு படித்த கிராமத்துப் பிள்ளைகள் பலர் நகர ஹுகோ கிடைத்தும் மாற்றிக்கொள்ளவில்லை. கிராமப் பதிவு இருந்தால் குத்தகை நிலமும் வீட்டு மனையும் இருக்கும், அதை யார் விடுவார்கள்? தவிர 30 லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நகரங்களில் கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லி 2019-லேயே உத்தரவு வந்துவிட்டது. பெற்றோரைப் பிரிந்து ஊரில் இருக்கும் பிள்ளைகள் முன்பு 6 கோடிக்கு மேல், 2016-ல் 90 லட்சம் என்று அரசே சொன்னது. நிலைமை நன்றாகக் குறைந்திருக்கிறது அல்லவா?

பதில் 3: தையல்கோடு

ஆற்றங்கரை, நிலம் பற்றி நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. எங்கள் அக்காவும் நகர ஹுகோ கேட்டதே இல்லை. வேலை போனால் திரும்பிப் போக அந்த நெல் வயல் ஒன்றுதான் அவருக்குக் காப்பீடு. அவர் கேட்டது பள்ளியில் ஒரு இடம் மட்டும்தான். கட்டுப்பாடு நீங்கிய சின்ன நகரங்களில் வேலை குறைவு. வேலை இருக்கும் ஷென்ஜெனும் ஷாங்ஹாயும் அந்த உத்தரவில் வராது.

ஆனால் அந்த எண்ணிக்கையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2013-ல் அனைத்துச் சீனப் பெண்கள் கூட்டமைப்பு 6.1 கோடி என்று சொன்னபோது, 18 வயதுக்குள் இருந்து, அப்பா அம்மாவில் ஒருவர் வெளியூர் போயிருந்தாலும் கணக்கில் சேர்த்தார்கள். 2016-ல் வயதை 16 ஆக்கினார்கள். பெற்றோர் இருவருமே வெளியே இருக்க வேண்டும், அல்லது வீட்டில் இருப்பவருக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் திறன் இல்லாமல் இருக்க வேண்டும் என்றார்கள். கணக்கெடுக்கும் விதம் மாறியதில்தான் பெரும்பகுதி குறைந்தது, மூன்றே வருடத்தில் ஐந்து கோடிப் பிள்ளைகளின் பெற்றோர் ஊர் திரும்பிவிடவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சீனத்தில் 'லியூஷோ அர்தோங்' என்று பெயர். மற்றவர்கள் போன பிறகு வீட்டைக் காத்துக்கொண்டு இருப்பதைத்தான் லியூஷோ என்பார்கள். பிள்ளைகள் காவல் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மனது கனத்துவிடும்.

நீலவானம், இப்போது பத்திரிகை. எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள்.

2003 வரை வெளியூர்க்காரர் தற்காலிகக் குடியிருப்பு அட்டை இல்லாமல் தெருவில் நடந்தால் போலீஸ் பிடித்து அடைத்து, ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். எங்கள் தொழிற்சாலையில் மூத்தவர்கள் இரவுச் சோதனைக்குப் பயந்து வாழைத்தோப்பில் படுத்த கதையைச் சொல்வார்கள். 2003 மார்ச் மாதம் சுன் ஜிகாங் என்ற 27 வயது வடிவமைப்பாளர், ஹூபெய் மாகாணத்துக்காரர், குவாங்தொங்கின் தலைநகர் குவாங்ஜோவில் அட்டை இல்லாமல் பிடிபட்டார். மூன்று நாளில் காவலில் இறந்துபோனார். முதலில் இதய நோய் என்றார்கள். ஏப்ரல் 25-ல் 'நான்ஃபாங் துஷி பாவ்' நாளிதழ் பிரேதப் பரிசோதனை முடிவோடு, அவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்று எழுதியது. நாடே கொந்தளித்தது. மே மாதம் மூன்று சட்ட அறிஞர்கள் அந்த விதியையே எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். ஜூனில் அரசு அந்த முறையை ரத்து செய்தது. இரண்டே மாதம்!

நான் 2007-ல் இரவு ஷிஃப்ட் முடிந்து சக தொழிலாளிகளோடு நூடுல்ஸ் கடைக்கு நடந்து போனபோது அவர்கள் யாரும் பயப்படவில்லை என்றால், அந்த ஒரு கட்டுரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதற்கு அந்த நாளிதழ் கொடுத்த விலையும் பெரியது. முதன்மை ஆசிரியர் செங் யிசோங்கை அடுத்த வருடம் பிடித்து ஐந்து மாதம் வைத்திருந்து, குற்றச்சாட்டு இல்லாமல் விட்டார்கள். மேலாளர் யூ ஹுவாஃபெங் ஊழல் வழக்கில் சில வருடங்கள் சிறையில் இருந்தார். பழிவாங்கல் என்றுதான் பத்திரிகைக்காரர்கள் பலர் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2010 மார்ச் 1 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று 13 பத்திரிகைகள் சேர்ந்து, ஹுகோவைச் சீர்திருத்துங்கள் என்று ஒரே தலையங்கத்தை வெளியிட்டன. சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் கூடுவதற்குச் சில நாள் முன்பு. எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பையன் அச்சுப் பிரதியைச் சத்தமாக வாசித்தான். அதற்குள் இணையத்தில் எடுத்துவிட்டார்கள். 'எகனாமிக் அப்சர்வர்' பத்திரிகையின் இணையதளத் துணை ஆசிரியர் ஒருவரின் பதவியும் போனது. அந்தப் பையன் பிரதியை மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டான்.

இப்போது இது மாதிரி பத்திரிகைகள் ஒன்றுசேர்ந்து எழுதுவதை நான் பார்ப்பதில்லை. தனி மனிதர்களின் காணொளிகள் வருகின்றன, பரவுகின்றன, சில மணி நேரத்தில் காணாமல் போகின்றன. அதைப் பார்த்தவர்கள் பேசிக்கொள்வதோடு சரி. விதியை மாற்றும் அளவுக்கு ஒரு செய்தி தொடர்ந்து நிற்பதற்கு ஒரு பத்திரிகை அலுவலகம் வேண்டும், திரும்பத் திரும்பப் போய் விசாரிக்கும் நிருபர் வேண்டும்.

உங்கள் அக்காவிடம் ஒன்று கேளுங்கள். அவருக்கும் கணவருக்கும் சமூகக் காப்பீடு கட்டுகிறார்களா, எந்த மாதத்திலிருந்து? கைபேசியிலேயே பார்க்கலாம், அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். வாடகை வீட்டின் பதிவையும் பாருங்கள். நான் எங்கள் அக்காவுக்கு இதைக் கேட்டிருக்க வேண்டியது 2008-ல், கேட்டது 2012-ல்.

பதில் 4: நீலவானம்

அண்ணா, ரொம்ப நன்றி. இன்று மதியம் கேட்டேன். துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் அக்காவுக்குப் பதினான்கு மாதமாகக் கட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கணவர் கட்டட வேலை, அவருக்கு எதுவும் இல்லை. ஆனால் வாடகை வீட்டுக்குப் பதிவு இருக்கிறதாம், வீட்டுக்காரர் நல்லவர். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று சனிக்கிழமை இருவரும் சேர்ந்து பார்க்கப் போகிறோம். பிள்ளையின் ஹுகோ தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாட்டிக்குக் குரல் செய்தி போட்டிருக்கிறார்.

பதில் 5: தையல்கோடு

பதினான்கு மாதம் நல்ல தொடக்கம், நடுவில் ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்கா வேலை மாறினால் அந்த இடைவெளியில்தான் அறுந்துபோகும். பாட்டி அனுப்பும் படத்தில் முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள் தங்கச்சி.