ஊருக்கு வந்தவர் "இங்கே என்ன பார்க்கலாம்?" என்று கேட்டபோது: உங்கள் அனுபவங்கள்

கீரனூர்க்காரன்

போன மே மாதம் நடந்தது. இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். திருச்சி–புதுக்கோட்டை சாலையில் நார்த்தாமலைக்குப் பிரியும் இடத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். கேரளத்துப் பையன் ஒருவன், சைக்கிளிலேயே ராமேஸ்வரம் போகிறானாம், பின்னால் இரண்டு பை, கழுத்தெல்லாம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. "அண்ணா, இங்க பார்க்க என்ன இருக்கு?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "மாரியம்மன் கோயில் இருக்கு. பங்குனியில வந்திருக்கணும் தம்பி, ஊரே நிறைஞ்சு கிடக்கும்" என்று முந்திக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேலமலைக்கு ஏறு, விசயாலய சோழீச்சரம் என்று ஒன்று இருக்கிறது, பேர்தான் சோழீச்சரம், கட்டியது முத்தரையர், கருவறை வட்டமாக இருக்கும், மேற்கே பார்த்த கோயில், எதிரே பாறையைக் குடைந்த குகையில் பன்னிரண்டு பெருமாள் ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்கிறார்கள், இதையெல்லாம் விட்டுவிட்டுச் சாலையோடு போனால் என்ன அர்த்தம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். பையன் பைகளைக் கடையில் போட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போனான். எனக்கு பஸ் வரவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். (வந்த ஒன்றிரண்டை விட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம்.)

திரும்பி வந்தான். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டான். என்னைப் பார்த்து, "அண்ணா, அங்க யாருமே இல்லை" என்றான். அவ்வளவுதான். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அது பாராட்டா, புகாரா? யாராவது சொல்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்னவாசல் வெயில்

மே மாதம், உச்சிவெயில், மொட்டைப்பாறை. புகார்தான், இதில் என்ன சந்தேகம்?

என் கதை சின்னது. மச்சானோடு வேலை பார்க்கும் ஹைதராபாத் அம்மா ஒருவர் வந்திருந்தார், சித்தன்னவாசல் கூட்டிப்போனேன். அங்கே பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலில் விதானத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்தார், தாமரைக் குளம், யானை, எருமை, மீன், பூப்பறிக்கிற ஆள் எல்லாம் நான் விரல் நீட்டி நீட்டிக் காட்டுகிறேன், அவர் "அவ்வளவுதானா?" என்றுவிட்டார். மங்கித்தான் கிடக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் காவலர் எங்களை உள்ளறைக்குள் நிற்கவைத்து, பேசாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, வாயை மூடியபடி 'ம்ம்' என்று ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், அறை முழுக்க அந்த ஒலி சுற்றுகிறது, எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. அந்த அம்மா தானும் செய்துபார்த்தார். அதற்கப்புறம் அவரை வெளியே கூட்டிவருவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

இனி யாரையாவது அனுப்புவதாக இருந்தால் இப்படி அனுப்புங்கள். விடிந்ததும் முதலில் அதே சித்தன்னவாசல் மலையில் இருக்கிற ஏழடிப்பட்டம் குகை. குகை கிழக்கே பார்த்தது, காலை வெளிச்சம் நேரே சமணர் படுக்கைகள் மேல் விழும், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை வெட்டியிருப்பது அப்போதுதான் நன்றாகத் தெரியும். தமிழி எழுத்தும் (தமிழ் பிராமி) அங்கேதான், கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். பாறை சுடத் தொடங்குவதற்குள் இறங்கி அறிவர் கோயில். அங்கே முன்னால் நிற்கிற தூண்கள் பழைய கோயிலோடு சேர்ந்தவை அல்ல, சமஸ்தானக் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை, இதைச் சொன்னால் வந்தவர் தானாகவே அடுத்து குடுமியான்மலை போகலாமா என்று கேட்பார். அங்கே பாறையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு, ஸ்வரங்களை அப்படியே வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மத்தியானம் வெயில் தாழும்வரை திருக்கோகர்ணம் மியூசியம், 1910லிருந்து இருக்கிறது, மின்விசிறியும் உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். நார்த்தாமலையை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், கோயில் மேற்கே பார்த்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சாயங்கால வெயில் முகப்பில் விழும்போது போவதை விட்டுவிட்டு உச்சியில் ஏற்றிவிட்டால் அவன் வேறென்ன சொல்வான்? தண்ணீர் கையில் கொடுத்து அனுப்பினீர்களா? மேலே கடை கிடையாது. சைக்கிள்காரன் என்றால் தொப்பியாவது...

கோட்டைத்தெரு

அன்னவாசல்காரர் நேர அட்டவணை போட்டுவிட்டார், அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் ஒட்டலாம்.

"யாருமே இல்லை" என்பதை நீங்கள் இரண்டு பேரும் வெயில் கணக்கில் பேசுகிறீர்கள். நான் வேறு கணக்கு சொல்கிறேன். எங்கள் வீடு திருமயத்தில், கோட்டைக்குப் பக்கம். பெங்களூரிலிருந்து தனியாக வந்த ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அக்கா, ஆள் அதிகம் வராத இடமா சொல்லுங்க" என்று கேட்டாள். எனக்கு உடனே வாயில் வந்தது நார்த்தாமலைதான். வந்ததை விழுங்கிவிட்டேன். தனியாக ஒரு பெண்ணைப் பாறைக்குப் பின்னால் பாறை இருக்கிற இடத்துக்கு எப்படி அனுப்புவது? கோட்டையைப் பார் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது, சாலையிலிருந்தே தெரிகிற கோட்டையைக் காட்ட அக்கா எதற்கு என்று நினைத்திருப்பாள்.

சரி வா என்று செருப்பை மாட்டிக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது என்று பலகை படித்தோம், அவள் போட்டோ எடுத்தாள், பிரமாதமாக ஒன்றும் இல்லை. பாதி ஏற்றத்தில் அந்த உருண்டைப் பாறையின் வயிற்றில் சிவன் இருக்கிறாரே, இரும்பு ஏணி வைத்திருப்பார்களே, அங்கே வந்ததும் நான் கீழேயே நின்றுவிட்டேன், சேலையோடு ஏறுவதாக இல்லை. அவள் ஏறினாள். லிங்கத்துக்கு முன்னால் குனிந்துகொண்டு, கீழே இருக்கிற எனக்குக் கேட்கும்படி, "அக்கா, போயிடாதீங்க, அங்கேயே இருங்க" என்று கத்தினாள். ஆள் இல்லாத இடம் வேண்டும் என்று கேட்டவள்!

அப்புறம் அடிவாரத்தில் பெருமாள் கோயிலுக்கும் போனோம். படுத்திருக்கிற பெருமாளுக்குப் பின்சுவரில் ஆதிசேஷனின் நஞ்சுக்கு பயந்து மது, கைடபன் என்கிற அசுரர்கள் ஓடுகிறார்களே, அதைக் காட்டினேன். அவள் அதைச் சரியாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை. இன்றைக்கும் எனக்குக் காதில் நிற்பது ஏணி மேலிருந்து வந்த அந்தக் குரல்தான். கீரனூர்க்காரரே, உங்கள் சைக்கிள் பையனும் மேலே போய் யாரையாவது தேடியிருப்பான்.

குற்றாலச்சாரல்

உங்களுக்காவது காட்ட ஏதோ இருந்தது. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "தண்ணி விழுதா?" ஜூன் ஜூலையில் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லலாம். ஏப்ரலில் ஒரு வங்காளக் குடும்பம் ஆட்டோவிலிருந்து துண்டும் சோப்புமாக இறங்கினால் என்ன சொல்வீர்கள்? பேரருவியில் பாறை மட்டும்தான் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் தண்ணீரை நான்தான் குழாயில் அடைத்து வைத்த மாதிரி இருந்தது.

சித்திர சபைக்குப் போங்கள் என்றேன், நடராசரின் ஐந்து சபையில் ஒன்று, சுவரெல்லாம் மூலிகை வண்ணத்தில் தீட்டிய ஓவியம், சீசனில் வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை. அவர்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குள் அவர்கள் வீட்டுப் பாட்டி பாறையையே பார்த்துக்கொண்டு நின்றவர் கையைக் காட்டி ஏதோ கேட்கிறார். பாறை முகத்தில் செதுக்கியிருக்கிற லிங்கங்கள். தண்ணீர் கொட்டும்போது அவை கண்ணில் படாது. எத்தனை இருக்கிறது, யார் செதுக்கியது, ஏன் தண்ணீர் விழுகிற இடத்தில் என்று பேரன் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் கேட்கிறான், நான் முழிக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்த எண்ணெய் மசாஜ்காரர் எழுந்து வந்து, அகத்தியரில் ஆரம்பித்து, வைணவக் கோயில் சிவன் கோயிலான கதை வரைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பாட்டிக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. கும்பிட்டுவிட்டுப் போனார். சித்திர சபைக்குக் கடைசிவரை போகவில்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை.

கீரனூர்க்காரன்

@அன்னவாசல் வெயில்: தண்ணீர் அவனிடமே இருந்தது. போகிற வழியில் சுனையும் இருக்கிறது. சாயங்காலம் அனுப்பியிருந்தால் இருட்டுவதற்குள் அவன் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்திருக்க முடியாது, சைக்கிள் விளக்கை வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் லாரிக்கு நடுவே ஓட்டச் சொல்கிறீர்களா?

@கோட்டைத்தெரு: நீங்கள் சொன்னதை யோசிக்கிறேன். ஆனால் கூட்டம் வேண்டும் என்றால் பங்குனிதான், அதை டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார்.

தாராசுரத்துப் படி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் இருக்கிற எங்களிடம் வருகிறவர்கள் பெரிய கோயில் பார்த்தாயிற்று, வேறென்ன என்றுதான் கேட்பார்கள். நான் தாராசுரம் என்பேன். இரண்டாம் இராசராசன் கட்டியது, 2004இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம், சுவரின் அடியில் நாயன்மார் கதையெல்லாம் சாண் அளவில் செதுக்கியிருக்கிறார்கள், உட்கார்ந்து பார்த்தால் ஒரு நாள் போதாது. வீடியோ எடுக்கிற தம்பி ஒருவனை அனுப்பினேன், கூடவும் போனேன். அவன் நேரே, தட்டினால் ஸ்வரம் வரும் என்கிற பலிபீடத்துப் படிக்குப் போய், இரும்புக் கம்பிக்குள் கையை விட்டு, ஒரு ரூபாய்க் காசால் தட்டித் தட்டி 'சரிகம' வருகிறதா என்று போனை வைத்துக்கொண்டு நிற்கிறான். காவலர் ஓடிவந்து என்னைத் திட்டுகிறார், அவனை அல்ல! "உள்ளூர்க்காரர் நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று. வருகிறவன் செய்வதெல்லாம் வழி சொன்னவன் கணக்கில்தான் எழுதப்படும் போலிருக்கிறது.

தீவான்

நான் யாழ்ப்பாணம். போன வருடம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்த திருச்சி ஐயா ஒருவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் செய்தியில் கேட்ட இடங்கள்தான். நூலகம் காட்டினேன், 1981இல் எரிந்தது இதுதானா, எந்தப் பக்கம் என்று சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார், புதிதாகக் கட்டிய வெள்ளைச் சுவரில் என்ன தெரியும். எனக்கு அவரைக் கொஞ்சம் காற்றாட எங்காவது கூட்டிப்போக வேண்டும் போலிருந்தது. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனோம்.

பெருக்குமரம் (பாவோபாப்) பார்த்தார், சரி. அவிழ்த்துவிட்டபடி திரிகிற கட்டாக்காலிக் குதிரைகள் பார்த்தார், ஒல்லாந்தர் விட்டுப்போனவையாமே என்றார், சரி. ஆளைப் பிடித்தது மதில்கள்தான். அங்கே வீட்டு மதிலெல்லாம் பவளக் கல், சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள், கிட்டப் போனால் கல்லெல்லாம் பூப்பூவாகத் தெரியும். ஐயா ஒரு மதிலைத் தடவிக்கொண்டே நடந்தார். கீழே விழுந்து கிடந்த ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார், பார்த்தபடியே பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த வீட்டு அம்மா படலைக்குள் (வாசல் கதவுக்குள்) நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறா. நானும் பார்த்தேன். "ஒன்று போதுமோ தம்பி?" என்று மட்டும் கேட்டா. ஐயாவுக்கு விளங்கவில்லை, "போதும்மா, ரொம்ப நன்றி" என்றார்.

வரும்போது படகில் முழுக்க அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்னவாசல் வெயில்

@தீவான்: பவளப்பாறைத் துண்டை அப்படியெல்லாம் கொண்டுவரக் கூடாது. இந்தியாவில் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, மதிலில் இருந்தது, செத்த கல் என்று சொன்னாலும் சுங்கத்தில் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இனிமேல் யாரையாவது கூட்டிப்போனால் படகு ஏறும்போதே சொல்லிவிடுங்கள், சிப்பி, சங்கு, கல் எதையும் தொடக் கூடாது என்று. எங்கள் பக்கத்திலும் இதே தொல்லைதான், முதுமக்கள் தாழி ஓடு என்று பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். சித்தன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் ஈமக்காடு நிறைய இருக்கிறது, அங்கே அனுப்பும்போது கூட ஒரு ஆள் போவது நல்லது. பையைக் கோயில் வாசலில் வைத்துவிட்டு...

@கீரனூர்க்காரன்: லாரி விஷயம் சரி. அப்படியென்றால் இரவு புதுக்கோட்டையிலேயே தங்கவைத்து முட்டை மாஸ் வாங்கிக்கொடுத்து மறுநாள் காலையில் அனுப்பியிருக்கலாம்.

தீவான்

ஐயா எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். கல் அவர் வீட்டுச் சாமி அறையில், விநாயகருக்குப் பக்கத்தில் இருக்கிறதாம், படமும் அனுப்பியிருந்தார். தைப்பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறாராம், இந்த முறை எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.